வளர்ந்தது யார்?



பிள்ளைகள் இருவர் ஒரு வழக்கைக் கொண்டுவந்து பெரியவர் முன் வைத்தால், பெரியவர் ஏதாவது ஒரு தீர்ப்புச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் மழுப்பினால் வழக்காடியவர்கள் இருவரும் ஒன்றுசேர்ந்து அவரையே குறைகூறுவார்கள். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. அன்று நான் சொன்ன தீர்ப்பு அரைகுறையானது. அதன்பின் அதைப்பற்றி நெடுநேரம் யோசித்தேன். யோசித்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கக்கூடும் அல்லவா?

அண்ணன், தம்பி இருவர். மூத்தவனுக்கு 17 வயது, இளையவனுக்கு 14. இருவருக்கும் கூடைப்பந்து வீடியோ கேம் ஒன்றின்மேல் அளவற்ற பிரியம். ஒரு ஞாயிறு மாலை தகப்பனார் இருவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மூத்தவன் சொன்னான்: “சாமி, நான் நாலு மாசம் ராத்திரி ராத்திரியா ஆடி என் ஆளை 85க்குக் கொண்டுவந்தேன். இவன் ஒரே ராத்திரியில அப்பா கார்டுல காசு போட்டு 85 ஆக்கிட்டான். இது நியாயமா?” இளையவன் தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாரும்தான் சாமி வாங்குறாங்க” என்றான். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. தம் செல்போனில் வந்த வங்கியின் செய்தியை மட்டும் என்னிடம் காட்டினார்.

இந்த 85 என்பது என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்காத காரியத்தில் தீர்ப்புச் சொல்வது தகாது என்று இரண்டு மாலைப் பொழுதுகள் அவர்கள் வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் அருகே உட்கார்ந்து பார்த்தேன். பார்த்து அறிந்ததை, இவ்விளையாட்டை அறியாத பெற்றோர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.யின் போட்டிகளைத் திரையில் ஆடும்படி அமைத்த ‘என்.பி.ஏ. டூ-கே’ என்னும் விளையாட்டு 1999-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பதிப்பு வருகிறது. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மை பிளேயர்’ என்றொரு பகுதி சேர்க்கப்பட்டது. பின்னர் அதுவே ‘மை கேரியர்’ என்ற பெயரில் விரிவடைந்தது. இதிலே நீங்கள் ஓர் அணி முழுவதையும் நடத்துவதில்லை. ஒரே ஒரு வீரனை உண்டாக்குகிறீர்கள். அவனுக்குப் பெயர், முகம், உயரம், எடை, விரித்த கைகளின் நீளம் ஆகியவற்றை நீங்களே தெரிந்தெடுக்கிறீர்கள். அவன் பொதுவாக 60 என்ற மதிப்புடன் ஆட்டத்துக்கு வருகிறான். உச்ச மதிப்பு 99. இடையிலுள்ள தூரத்தை அவன் ஏறிக் கடப்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

ஏறுவதற்குப் படிகள் பல. தூரத்திலிருந்து எறிதல், பந்தைத் தட்டிச் செல்லுதல், பிறருக்குக் கொடுத்தல், தடுத்தல், ஓடுதல், குதித்தல் என்று ஒவ்வொரு திறமைக்கும் தனித்தனி எண் உண்டு. அந்த எண்ணை உயர்த்த வேண்டுமானால் ‘விர்ச்சுவல் கரன்சி’, சுருக்கமாக ‘வி.சி.’, என்னும் ஆட்டக் காசைச் செலுத்தவேண்டும். 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்காசு வழக்கத்துக்கு வந்தது. முதற்படிகள் மலிவு, மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் விலை கூடும். இந்தக் காசைச் சம்பாதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. போட்டிகளை ஆடி, சம்பளமாகச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். அல்லது உண்மையான பணத்தைக் கொடுத்து மொத்தமாக வாங்கலாம். 75,000 வி.சி. கொண்ட பொதி ஏறத்தாழ 20 டாலருக்கு விற்கப்பட்டு வந்திருக்கிறது. அண்ணன் சென்றது முதல் வழி. தம்பி சென்றது இரண்டாம் வழி. இப்போது வழக்கு உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

அன்றைக்கு நான் சொன்ன தீர்ப்பு யாதெனில், தகப்பனாரைக் கேளாமல் அவர் பணத்தை எடுத்தது தவறு என்பதே. இதில் வாதத்துக்கே இடமில்லை. எடுத்த தொகை சிறிதானாலும், எடுத்தது கைப்பையிலிருந்தானாலும், ஒரு பொத்தானை அழுத்தியதால் ஆனாலும், பிறர் பொருள் பிறர் பொருளே. “எல்லாரும் வாங்குகிறார்கள்” என்பது பதிலாகாது. எல்லாரும் தங்கள் தகப்பனாரைக் கேட்டார்களா என்பதே கேள்வி. இதை இளையவன் மறுக்கவில்லை. மாதந்தோறும் தன் கைச்செலவுப் பணத்தில் பாதியைத் தகப்பனாரிடம் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான்.

ஆனால் மூத்தவனுடைய கேள்வி அதோடு தீரவில்லை. தகப்பனார் அனுமதி கொடுத்தே வாங்கியிருந்தால்? அப்போதும் அவன் மனம் ஆறியிருக்குமா? ஆறியிருக்காது. “நான் பாடுபட்டு அடைந்ததை இவன் விலைக்கு வாங்கிவிட்டானே” என்பதே அவன் நெஞ்சைச் சுட்டது. இந்தக் கேள்வியைத்தான் நாம் சற்று நிதானமாக ஆராயவேண்டும்.

தனியாகத் தன் வீட்டுத் திரையில், யந்திரம் நடத்தும் அணிகளோடு மட்டும் ஆடுகிறவன், தன் பணத்தைக் கொடுத்துத் தன் வீரனை உயர்த்தினால், அதனால் இழப்பு யாருக்கு? பிறருக்கு ஒன்றுமில்லை. விறகு வெட்டிச் சமைப்பவனும் காசு கொடுத்து உணவு வாங்குபவனும் இருவரும் சாப்பிடுகிறார்கள். ஆனால் இதே வீரனை இணையத்தின் வழியாக மற்றப் பிள்ளைகளுக்கு எதிரே நிறுத்தும்போது காரியம் வேறாகிறது. போட்டி என்பது யார் திறமை மிக்கவர் என்று பார்ப்பதற்கு. அங்கே பணப்பையின் கனம் வந்து தராசில் ஏறினால், போட்டியின் அர்த்தமே குலைகிறது. பணமில்லாத வீட்டுப் பிள்ளை தோற்றுப்போவது தன் கையின் தவறால் அல்ல. ஆகையால் மூத்தவன் மனஸ்தாபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிற்க. இப்போது மூத்தவனிடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அதை உங்களிடத்திலும் கேட்கிறேன். நாலு மாதம் பாடுபட்டு 60 என்பது 85 ஆயிற்று. நல்லது. வளர்ந்தது யார்?

அவன் சற்றும் யோசியாமல், “என் ஆள்” என்றான். சொல்லிவிட்டு, ஏதோ தவறிச் சொன்னவன்போல் என்னைப் பார்த்தான்.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் தம் அறநூலில் இதைப்பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான். யாழ் வாசித்து வாசித்தே யாழ்ப்பாணனாகிறான். அவ்விதமே நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறான் என்பது அவர் கருத்து. செயல் செய்தவனிடத்திலேயே திரும்பி வந்து தங்குகிறது. அதற்கு அப்பியாசம் என்று பெயர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கொத்தன் ஒரு சுவரைக் கட்டும்போது இரண்டு காரியங்கள் வளருகின்றன. வெளியே சுவர் வளருகிறது. உள்ளே கொத்தனுடைய கைத்திறம் வளருகிறது. சுவர் இடிந்தாலும் கைத்திறம் போகாது.

திரையில் உள்ள வீரனோ சுவரைப் போன்றவன். அவன் தூரத்திலிருந்து எறியும் எண் 90 ஆனதால், அதை உயர்த்திய பையன் மைதானத்தில் ஒரு பந்தையாவது கூடையில் போடுவான் என்று சொல்ல முடியாது. அன்றியும் அந்தச் சுவர் நெடுநாள் நிற்பதும் இல்லை. அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்தவுடன் பழைய வீரன் அதோடு வருவதில்லை; சேர்த்த காசும் வருவதில்லை. எல்லாரும் மறுபடியும் 60 முதல் தொடங்கவேண்டும். உழைத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே சண்டையிட்ட அண்ணனும் தம்பியும் ஒரே மயக்கத்தில் இருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது. வளர்ச்சி என்பது வெளியே இருந்து நம்மேல் ஏற்றப்படும் ஓர் எண் என்று இருவரும் நம்பினார்கள். ஒருவன் அதற்கு நேரத்தைக் கொடுத்தான். மற்றவன் பணத்தைக் கொடுத்தான்.

மெய்யான வளர்ச்சி எப்படி நடக்கிறது என்று அறிய, அதே கூடைப்பந்து மைதானத்தில் நடந்த இரண்டு காரியங்களைப் பாருங்கள்.

ஸ்டீபன் கரி என்னும் பெரிய ஆட்டக்காரரைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி நியூயார்க் நகரில், என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிக மூன்று புள்ளி எறிகளைப் போட்டவர் என்ற பெயர் பெற்றார். அவர் பள்ளியில் படித்த நாளில், உடல் சிறுத்தவராதலால், இடுப்புக்கு அருகிலிருந்து பந்தைத் தூக்கி எறிவது அவர் வழக்கம். தாமும் என்.பி.ஏ. வீரராயிருந்த தகப்பனார், “இப்படி எறிந்தால் பெரிய ஆட்டக்காரர்கள் தடுத்துவிடுவார்கள், தலைக்கு மேலிருந்து எறியப் பழகவேண்டும்” என்று எடுத்துக்காட்டினார். ஒரு கோடை விடுமுறை முழுவதும் மகன் தன் பழைய முறையைக் கலைத்துப் புதிய முறையைப் பழகினார். பல வாரங்கள் தூரத்திலிருந்து எறியவே முடியாமல் போயிற்று. நன்றாக எறிந்துகொண்டிருந்த பிள்ளை எறியத் தெரியாதவனைப்போல் ஆனான். அந்தத் தாழ்வின் வழியாகத்தான் பிற்கால உயர்வு வந்தது.

இதைத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையில் காசு கொடுத்து ஏற்றிய எண், மேலும் ஏறுவதற்காக முதலில் இறங்குவதே இல்லை. 70 ஆனவன் 80 ஆவதற்கு முன் 50 ஆகவேண்டிய அவசியம் அங்கே கிடையாது. மனிதனுக்கோ அநேக சமயங்களில் அந்த அவசியம் இருக்கிறது. புதிதாக ஒரு பாஷை கற்கிறவன், குடியை விட்டவன், கோபத்தை அடக்கப் பழகுகிறவன் ஆகிய எல்லாரும் முதலில் முன்னைவிடப் பலவீனராய்த் தோன்றும் ஒரு காலத்தைக் கடக்கிறார்கள். அந்தக் காலத்தில் எந்தத் திரையும் அவர்களுக்கு உயர்ந்த எண்ணைக் காட்டாது.

இரண்டாவது காரியம் வில்ட் சேம்பர்லின் என்னும் மகா பலசாலியைப் பற்றியது. 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி அவர் ஒரே போட்டியில் 100 புள்ளிகள் எடுத்தார். இன்றளவும் என்.பி.ஏ.யில் அதை எட்டியவர் இல்லை. தடையின்றி நின்று எறியும் ‘ஃப்ரீ த்ரோ’ என்னும் எறிகளில் அவர் வெகு பலவீனர். அந்த ஆண்டில், இரு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்துக் கீழிருந்து மேலாக எறியும் முறையைக் கையாண்டார். நூற்றுக்கு 61 அளவில் வெற்றி கிடைத்தது. அவர் வாழ்நாளில் அதுவே மிகச் சிறந்தது. அந்த 100 புள்ளிப் போட்டியில் 32 எறிகளில் 28 கூடையில் விழுந்தன. இருந்தும் அம்முறையைக் கைவிட்டார். ஏன்? அப்படி எறிவது பார்ப்பதற்கு நகைப்பாயிருக்கிறது என்ற வெட்கம். பின்னாளில் ஒரு பருவத்தில் அவர் வெற்றி நூற்றுக்கு 38 அளவுக்கு விழுந்தது. 1973-இல் வெளிவந்த தம் சுயசரிதையில், தாம் செய்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

வழி தெரியாதவர் அல்ல அவர். வழி தெரிந்திருந்தது, பலனையும் கண்டிருந்தார். குறுக்கே நின்றது பிறர் சிரிப்பார்களே என்ற எண்ணம் ஒன்றே. திரையில் உள்ள வீரனுக்கு வெட்கம் கிடையாது. ஆகையால் அவனுக்குத் தாழ்ச்சியும் தேவையில்லை. நமக்கோ வளர்ச்சியின் வழியில் பாதித் தடை அறியாமை, மறுபாதி வெட்கம். இந்த இரண்டாவது தடையைக் கடக்கும் பழக்கத்தை எந்த வி.சி.யாலும் வாங்க முடியாது.

அப்படியானால் இந்த விளையாட்டே வேண்டாதது, தூக்கி எறியுங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. அர்ச். தாமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் நூலில், விளையாட்டைப்பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். உடல் களைத்தால் இளைப்பாறுவதுபோல மனமும் இளைப்பாற வேண்டும். அளவு மீறி விளையாடுவதும் தவறு, விளையாட்டே இல்லாமல் கடுகடுப்பாய் இருப்பதும் தவறு என்கிறார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்ற பழைய கதையையும் அங்கே எடுத்துச் சொல்கிறார். ஆகவே மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளையைப் பாவி என்று திட்டுகிற பெற்றோரோடு நான் சேரமாட்டேன்.

அன்றியும் இந்த ஆட்டத்தில் சில நல்ல பாடங்களும் இருக்கின்றன என்பதை நானே என் கண்ணால் கண்டேன். வீரனை உண்டாக்கும்போது மிக உயரமானவனாகத் தெரிந்தெடுத்தால் அவன் வேகம் குறைகிறது; குள்ளமானவனாகத் தெரிந்தெடுத்தால் எதிரியின் எறியைத் தடுக்கும் சக்தி குறைகிறது. எல்லாம் வல்ல வீரன் ஒருவனை உண்டாக்க ஆட்டம் அனுமதிப்பதில்லை. எவருக்கும் எல்லா வரமும் ஒருங்கே கிடைப்பதில்லை என்ற உண்மை அதிலேயே அடங்கியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில், ‘பேட்ஜ்’ என்னும் திறமைச் சின்னங்கள் பயன்படுத்தாமல் விட்டால் தேய்ந்துபோகும்படியும் அமைத்திருந்தார்கள். வழங்காத திறமை மங்கும் என்பதைப் பிள்ளைகள் அங்கேயாவது கற்றிருப்பார்கள்.

மற்றொன்று. ஆட்டத்தின்போது வீரனுக்கு ‘டீம்மேட் கிரேடு’ என்று ஒரு மதிப்பெண் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல சமயத்தில் தோழனுக்குப் பந்தைக் கொடுத்தால் ஏறும். தானே வைத்துக்கொண்டு கண்டபடி எறிந்தால் இறங்கும். மூத்தவன் ஒருநாள் என் கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டான். நான் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு முறை எதிரியிடம் பறிகொடுத்தேன். என் மதிப்பெண் தரையைத் தொட்டது. “சாமி, பாஸ் குடுங்க, பாஸ் குடுங்க!” என்று இரு பிள்ளைகளும் கூவினார்கள். ஞாயிறுதோறும் பகிர்ந்து வாழுங்கள் என்று உங்களுக்குச் சொல்லுகிற நான், அன்று அந்தப் பிள்ளைகளிடம் அதையே கேட்டுக்கொண்டேன்.

கூடைப்பந்து பிறந்ததே அந்த விதியால்தான். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலே ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் அடங்காமல் திமிறிய மாணவர்களுக்காக இவ்விளையாட்டை அமைத்தார். பீச் பழக்கூடை இரண்டை 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பந்தை வைத்திருப்பவன் அதோடு ஓடக்கூடாது என்பது அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று. ஓட முடியாதவன் என்ன செய்வான்? எறிய வேண்டும், அல்லது தோழனுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழுவது இதனால் குறைந்தது. பதினெட்டு மாணவர்கள் ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அதற்காக அதை யாரும் வீணான ஆட்டம் என்று சொல்லவில்லை.

மூத்தவனிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “உன் ஆள் வளர்ந்தான், சரி. இந்த நாலு மாதத்தில் நீ எதிலாவது வளர்ந்தாயா?” என்று மறுபடி கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிறிது கூச்சத்தோடு, “தோத்தா கன்ட்ரோலரைச் சுவத்துல எறியறதை விட்டுட்டேன் சாமி” என்றான். அடுக்களையிலிருந்து தாயார் எட்டிப் பார்த்து, “அது நிஜம்தான் சாமி. முதல்ல ரெண்டு உடைச்சான்” என்றார்.

இதுவல்லவா வளர்ச்சி! 60-லிருந்து 85-க்கு ஏறியதை எல்லாரும் பார்த்தார்கள். தோல்வியைத் தாங்கிக்கொள்ளப் பழகியதை யாரும் பார்க்கவில்லை, அவனே கவனிக்கவில்லை. யந்திரத்தை அணைத்த பிறகும், அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்த பிறகும், பரீட்சையிலோ வேலையிலோ தோற்கும் நாளிலும் அவனோடு நிற்கப்போவது இதுதான். தம்பி ஒரே இரவில் வாங்கியதால் இழந்தது பணத்தை மட்டும் அல்ல. அண்ணன் நூறு தோல்விகளில் பெற்ற இந்தப் பொறுமையைப் பெறும் வாய்ப்பையும் இழந்தான். மூத்தவனுக்கு இதைச் சொன்னபோது அவன் மனஸ்தாபம் பெரும்பாலும் தணிந்தது.

இளையவன் கதையையும் சொல்லி முடிக்கவேண்டும். ஒப்புக்கொண்டபடி அவன் மாதந்தோறும் பணம் கொடுத்து வருகிறான். இரண்டாம் மாதம் கொடுக்கும்போது தகப்பனார் மனமிளகி, “போதும் விடுடா” என்று சொல்லியிருக்கிறார். அவன், “இல்லப்பா, முழுசும் குடுத்துடறேன்” என்றானாம். தகப்பனார் இதை என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கிற்று. ஆயினும் தம் கார்டின் ரகசிய எண்ணை அவர் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. அதுவும் சரியே. திரையில் எண் ஒரே இரவில் ஏறும். ஒரே இரவில் இழந்த நம்பிக்கையோ அவ்விதம் ஏறுவதில்லை. மாதாமாதம், சிறுகச் சிறுக, கொடுப்பவனும் வாங்குபவனும் அறியாமலே அது வளர வேண்டும். அந்தப் பையன் இப்போது 60-லிருந்து தொடங்கியிருக்கிறான். இந்தமுறை அவனே ஏறுகிறான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இன்று மாலை ஓடிவந்து, “அப்பா, என் ஆள் 90 ஆயிட்டான்!” என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். அருகே உட்கார்ந்து பாருங்கள். அவன் எப்போது பந்தைப் பிறருக்குக் கொடுக்கிறான், தோற்றபோது என்ன சொல்லுகிறான், நேரம் ஆயிற்று என்றால் எழுந்து வருகிறானா என்று கவனியுங்கள். கடையில் வாங்கும் காரியம் வந்தால், உங்களைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். பிறகு சந்தோஷமாக ஒரு கேள்வி கேளுங்கள்: “அவன் 90 ஆனான், சரி. நீ எவ்வளவு ஆனாய்?”

பிள்ளை அதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்டால், அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

உங்கள் பங்குக் குரு